மீடியாவிக்கி கேள்வி பதில்: பக்கத்தைத் தொடாமல் அதற்கு மட்டும் தனி ஸ்டைல்

மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் எங்கள் விக்கியில் 'உதவி மேசை' பக்கத்தின் அட்டவணைகளுக்கு மட்டும் வேறு நிறம் வேண்டும். பக்கம் பூட்டியிருக்கிறது, உள்ளே எதுவும் எழுத முடியாது. வழி உண்டா?

உண்டு. நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) எதையும் நிறுவ வேண்டாம். மீடியாவிக்கி எந்தப் பக்கத்தை அனுப்பினாலும் அதன் பாடி டேக்கில் (பக்கம் முழுவதையும் சுற்றியிருக்கும் எச்டிஎம்எல் குறி) சில கிளாஸ்களை (ஸ்டைல் விதிகள் அடையாளம் காணும் பெயர்கள்) சேர்த்தே அனுப்பும். அதில் ஒன்று, ஆங்கிலத்தில் 'பேஜ்', ஒரு சிறுகோடு, பிறகு பக்கத் தலைப்பு. தலைப்பின் இடைவெளி அடிக்கோடாகிவிடும். ஆக உங்களுடையது 'பேஜ்-உதவி_மேசை' ('பேஜ்' மட்டும் ஆங்கில எழுத்தில்). மீடியாவிக்கி பெயர்வெளியில் (பெயர்வெளி என்பது பக்கங்களின் வகைப்பிரிவு) உள்ள, தளம் முழுவதற்குமான ஸ்டைல் விதிகளைக் கொண்ட காமன்.சிஎஸ்எஸ் பக்கத்தில், முதலில் புள்ளி வைத்து இந்த கிளாஸ், ஒரு இடைவெளி, பிறகு அட்டவணையின் செலக்டர் (விதி எந்த உறுப்புக்கு என்று காட்டும் பகுதி) என்று விதியை எழுதுங்கள். மற்ற பக்கங்களில் அந்த கிளாஸ் இல்லாததால் அங்கே விதி வேலை செய்யாது.

தமிழ்த் தலைப்பை சிஎஸ்எஸ் ஏற்குமா?

தாராளமாக. ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பு) அல்லாத எழுத்துகள் கிளாஸ் பெயரில் வரலாம், பின்சாய்கோடு போட்டு எஸ்கேப் செய்யத் தேவையில்லை. தொல்லை தருபவை குறியீடுகள்தான். அடைப்புக்குறி, சாய்கோடு, முக்காற்புள்ளி, காற்புள்ளி எல்லாமே அடிக்கோடாக மாறும். அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகச் சுருங்கும், கடைசியில் வந்தால் வெட்டப்படும். அதனால் 'விதிகள்/பழையவை', 'விதிகள் (பழையவை)' என்ற இரண்டு தனிப் பக்கங்களுக்கும் ஒரே கிளாஸ் வந்து நிற்கும்! கிளாஸ் பெயரை ஊகித்துத் தட்டச்சு செய்யாதீர்கள். பக்கத்தின் நிரலைக் காட்டும் பிரவுசரின் இன்ஸ்பெக்டரைத் திறந்து, பாடி டேக்கிலிருந்து நகலெடுங்கள்.

தொகுக்கத் திறந்தாலும் அந்த ஸ்டைல் வந்து தொலைக்கிறது.

வரும். தொகுக்கும்போதும், வரலாறு பார்க்கும்போதும் அதே 'பேஜ்' கிளாஸ்தான். சும்மா படிக்கும்போது மட்டும் ஆங்கில எழுத்தில் 'ஆக்‌ஷன்-வியூ' என்ற கிளாஸ் இருக்கும். அதையும் புள்ளியோடு, நடுவில் இடைவெளி விடாமல் முதல் கிளாஸுடன் ஒட்டி எழுதுங்கள். இடைவெளி விட்டால் 'உள்ளே இருக்கும் வேறொரு உறுப்பு' என்று பொருளாகிவிடும், எதுவும் நடக்காது.

ஒரு பக்கமும் அதன் துணைப்பக்கங்கள் அத்தனையும்? ஒரு பகுப்பில் உள்ள எல்லாப் பக்கங்களும்?

முதலாவது எளிது. ஆங்கிலத்தில் 'ரூட்பேஜ்' என்று தொடங்கும் கிளாஸ் தாய்ப்பக்கத்துக்கும் அதன் துணைப்பக்கங்களுக்கும் பொதுவானது. பெயர்வெளி முழுவதற்கும் என்றால் ஆங்கிலத்தில் 'என்எஸ்', சிறுகோடு, பெயர்வெளியின் எண் என்று அமையும் கிளாஸ்: கட்டுரைக்கு 0, பயனருக்கு 2, வார்ப்புருவுக்கு (பல பக்கங்களில் செருகும் பொதுத் துண்டு) 10, பகுப்புக்கு 14.

பகுப்புக்குத்தான் சிக்கல். ஒரு பக்கம் எந்தப் பகுப்பில் இருக்கிறது என்பது பாடி கிளாஸில் வராது. ஜாவாஸ்கிரிப்டில் பகுப்புப் பட்டியலைப் படித்து கிளாஸைச் சேர்க்கலாம், ஆனால் பக்கம் முதலில் பழைய கோலத்தில் தெரிந்து பிறகு சட்டென்று மாறும். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தப் பக்கங்கள் எல்லாம் ஒரே வார்ப்புருவைப் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் நீட்சி வழியாக அந்த வார்ப்புருவிலேயே ஸ்டைலை இணைத்துவிடலாம், பக்கங்களைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அது உள்ளடக்கப் பகுதிக்குள் மட்டும்தான் செல்லும். தலைப்பு, பக்கப்பட்டி எதையும் மாற்றாது.

நான் நிர்வாகிதான். ஆனாலும் காமன்.சிஎஸ்எஸ்ஸைத் தொகுக்க விடவில்லையே?

2018இல் அந்த உரிமை இடைமுக நிர்வாகி என்ற தனிக் குழுவுக்குப் போய்விட்டது. தளம் முழுவதற்கும் ஓடும் நிரல் அது, கண்டவர் கையில் இருக்கக் கூடாது என்பதே காரணம். நியாயமான முடிவு. அந்தக் குழுவில் இருப்பவரிடம் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு வேண்டாம், எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் காமன்.சிஎஸ்எஸ் என்று துணைப்பக்கம் தொடங்கி இதே விதியை எழுதுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சொந்தமாக நிறுவிய விக்கி என்றால் பயனர் சிஎஸ்எஸ் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் இயக்க வேண்டும்.

சேமித்தேன். ஒன்றும் மாறவில்லை!

ஐந்து நிமிடம் பொறுங்கள். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டை அனுப்பும் மீடியாவிக்கியின் ரிசோர்ஸ்லோடர் பழைய நகலை இடைச்சேமிப்பில் வைத்திருக்கும். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் இன்ஸ்பெக்டரில் பாருங்கள். உங்கள் விதியே அங்கு இல்லையென்றால் கிளாஸ் பெயரில் பிழை. விதி இருந்து அதன் மேல் கோடு விழுந்திருந்தால் ஸ்கின்னின் (தளத்தின் பொதுத் தோற்றம்) வலுவான விதி வென்றிருக்கிறது, செலக்டரில் இன்னொரு கிளாஸைச் சேர்த்து வலுவூட்டுங்கள். எடுத்த எடுப்பில் 'இம்பார்ட்டன்ட்' (மற்ற விதிகளை மீறச் செய்யும் சிஎஸ்எஸ் சொல்) போடாதீர்கள். அதை மீற அடுத்தவரும் 'இம்பார்ட்டன்ட்' போடுவார், சண்டை முடியாது. உள்நுழைவு, விருப்பத்தேர்வு பக்கங்களில் சோதிக்கிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள், பாதுகாப்புக் கருதி அங்கே தளத்தின் சிஎஸ்எஸ் இயல்பாக ஏறாது.

பக்கத்தை நகர்த்தினால்?

கிளாஸும் தலைப்போடு மாறும், ஸ்டைல் போய்விடும். பழைய பெயரிலிருந்து வழிமாற்று இருந்தாலும் பயனில்லை, திறப்பவருக்கு வருவது புதிய தலைப்பின் கிளாஸ்தான். விதிக்கு மேலே எந்தப் பக்கத்துக்கு, ஏன் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதிவையுங்கள். நகர்த்துபவர் பக்கத்தைப் பார்ப்பாரே தவிர காமன்.சிஎஸ்எஸ்ஸைப் பார்க்க மாட்டார்.