பேசும் கொம்பியூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

தம்பிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மாமா விண்டோஸ் 11 லப்டொப் அனுப்பியிருக்கிறார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளைத் தனியாக வாங்க வேணுமா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

வாங்க வேண்டாம், அதற்குள்ளேயே இருக்கிறது. பெயர் நரேட்டர். விண்டோஸ், கொன்ட்ரோல், என்ரர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். பாஸ்வேர்ட் கேட்கும் திரையிலும், புது லப்டொப்பை முதன்முதலாகத் திறந்து அமைக்கும்போதும் இதே விசைகள் வேலை செய்யும். அதனால் அந்த முதல் நாள் வேலையைத் தம்பியே செய்யட்டும்.

சத்தம் வராவிட்டால் முதலில் மியூட் விசையைப் பாருங்கள். கடையில் விண்டோஸைத் திரும்பப் போட்டவர்கள் ஒலியை இயக்கும் மென்பொருளான ஒலி டிரைவரைப் போடாமல் விட்டிருந்தாலும் நரேட்டர் வாய் திறக்காது.

நரேட்டரின் கட்டளைகளுக்கு கப்ஸ் லொக்தான் சாவி. அதைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் தொடர்ந்து வாசிக்கும். கொன்ட்ரோலைத் தட்டினால் நிறுத்தும். கப்ஸ் லொக்குடன் கூட்டல், கழித்தல் குறிகள் வேகத்தை மாற்றும். இணையப் பக்கத்தில் எச் தட்டினால் அடுத்த தலைப்புக்கும், கே தட்டினால் அடுத்த இணைப்புக்கும் போகும். எழுத நினைக்கும்போது எழுத்து விழாமல் இப்படித் தாவிக்கொண்டிருந்தால் ஸ்கான் முறை ஓடுகிறது என்று அர்த்தம். கப்ஸ் லொக், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அது நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும்.

பக்கத்தில் இருந்து மவுஸைப் பிடித்து உதவாதீர்கள். எஃப், ஜே விசைகளின் மேலுள்ள சின்ன மேட்டை அவருடைய சுட்டுவிரல்கள் முதலில் பழகட்டும். மற்ற விசைகளெல்லாம் அங்கிருந்துதான் பிடிபடும்.

ஆங்கிலத்தை நன்றாக வாசிக்கிறது. தமிழ் வந்ததும் ஊமையாகிவிடுகிறது. ஏன்?
— வாசகர், மாங்குளம்

ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தாண்டிப் போய்விடும். தமிழ்க் குரலைத் தனியாக இறக்க வேண்டும். செற்றிங்ஸில் ‘டைம் அன்ட் லாங்குவேஜ்’, அதற்குள் ‘ஸ்பீச்’, பிறகு ‘அட் வொய்சஸ்’. பட்டியலில் ‘தமிழ் (இந்தியா)’ என்பதை எடுங்கள். வரும் குரலின் பெயர் வள்ளுவர். விண்டோஸ், கொன்ட்ரோல், என் (N) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டரின் அமைப்புகள் திறக்கும், குரலை அங்கே மாற்றலாம். இறக்கும்போது மட்டும்தான் இணையம் வேணும். ஒருமுறை வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவிட்டால், பிறகு சிக்னல் இல்லாத ஊரிலும் வள்ளுவர் வாசிப்பார்.

எங்கள் வகுப்பில் விழிப்புலனற்ற மாணவி ஒருவர் படிக்கிறார். குறிப்புகளை வேர்டில் ரைப் செய்து அனுப்பினேன். கொம்பியூட்டர் ஏதோ உளறுகிறது என்கிறார். ஸ்கான் செய்து அனுப்பியதை வாசிக்கவே இல்லையாம். தமிழ்க் குரல் போட்டாயிற்று.
— ஆசிரியை, புதுக்குடியிருப்பு

நீங்கள் ரைப் செய்தது பாமினி எழுத்துருவில் என்று நினைக்கிறோம். நம் பகுதிப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பலருடைய கை பாமினியில்தான் பழகியது. ஆனால் பாமினியில் நீங்கள் ‘அம்மா’ என்று அடிக்கும்போது கோப்புக்குள் பதிவது ஆங்கிலத்தின் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிக் கண்ணுக்குக் காட்டுகிறது. திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே பதிந்ததைத்தான் வாசிக்கிறது. பிடிஎஃப் ஆக்கினாலும் பாமினி பாமினிதான்.

தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோட் முறையில் ரைப் செய்யுங்கள். ஈ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் பாமினி விசையமைப்பு உண்டு. விரல்கள் பழகியபடியே அடிக்கலாம், பதிவது யூனிகோடாக இருக்கும். எழுத்துருவுக்கு லதா அல்லது நிர்மலா போதும். பழைய குறிப்புகளை இணையத்தில் உள்ள பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டி மாற்றலாம். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் சிதைந்து தமிழாகும், அவற்றை மட்டும் கையால் திருத்துங்கள்.

ஸ்கான் செய்தது வெறும் படம், அதில் வாசிக்க எழுத்தே கிடையாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகப் பிரித்துத் தரும். தாள் நேராகவும் வெளிச்சம் சீராகவும் இருக்க வேண்டும். அப்படியிருந்தும் புள்ளிகள் விடுபடலாம், அனுப்ப முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பத்து நிமிட வேலை, மாணவிக்கோ இன்னொருவரின் வாயை எதிர்பார்க்காமல் படிக்கும் வழி.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விடாமல், வேர்டின் ‘ஹெடிங்’ பாணியில் போடுங்கள். கப்ஸ் லொக், ஸ்பேஸ் அழுத்தி ஸ்கான் முறையை இயக்கினால் எச் தட்டித் தாவ அதுதான் உதவும்.

என்னிடம் இருப்பது பழைய விண்டோஸ் 7 கொம்பியூட்டர்.
— வாசகர், வவுனியா

அதிலும் நரேட்டர் இருக்கிறது, ஆனால் இணையப் பக்கம் வாசிக்க அது போதாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போடுங்கள். விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசிப் பதிப்பு வரிசை 2023.3, அதற்குப் பிந்தியது ஓடாது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், இரண்டு வாரத்தில் காது பழகிவிடும். பென் டிரைவில் வைத்தும் ஓட்டலாம் என்பதால் நெற் கஃபேக்கும் கொண்டுபோகலாம்.