கடலோரப் பழைய வீட்டை இடித்துக் கட்ட ஊராட்சி அனுமதி போதுமா?

கேள்வி: ராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் ஒரு கடற்கரை ஊராட்சியில், அப்பா கட்டிய ஓட்டு வீட்டோடு எங்களுக்கு 6 சென்ட் நிலம் இருக்கிறது. மீன்பிடிக் குடும்பம், நான் இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டி, மேலே 2 அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட எண்ணம். டேப் பிடித்து அளந்ததில் கடல் 140 மீட்டர் தள்ளி இருக்கிறது. "ஊராட்சி பிளான் போதும். சி.ஆர்.இசட். எல்லாம் டெல்லி சட்டம், இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்" என்கிறார் காண்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: அந்தப் பேச்சை நம்பி வானம் தோண்டிவிடாதீர்கள். சி.ஆர்.இசட். என்பது கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அது மத்திய அரசு போட்டதுதான். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின்கீழ் 1991-இல் வந்தது. 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. ஆனால் அமல்படுத்துவது சென்னையில் உள்ள மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையமும், கலெக்டர் தலைமையில் இயங்கும் மாவட்ட அமைப்பும். அனுமதியில்லாத கட்டடத்தை அகற்றச் சொல்ல, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே 56-ஆம் பிரிவு இருக்கிறது. அது நம் மாநிலச் சட்டம். சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால், 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். கரண்ட், தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிடலாம்.

எர்ணாகுளம் பக்கத்து மரடு விவகாரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கேயும் ஊராட்சி கொடுத்த பெர்மிட் கையில் இருந்தது. கடலோர ஆணையத்தின் இசைவுதான் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 4 அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிக் குடியேறியவர்கள் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் 140 மீட்டருக்கு வருவோம். எந்த மாதத்தில் அளந்தீர்கள்? நம் கடற்கரையில் ஆனி, ஆடியில் தண்ணீர் நிற்கும் இடம் வேறு, தை மாதத்தில் வேறு. தூண்டில் வளைவு (கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தடுப்பு) போட்ட ஊர்களில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். அதனால் அலை நிற்கும் இடத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கடலோர மண்டல வரைபடத்தில் குறித்திருக்கும் உயர் அலைக் கோட்டிலிருந்துதான், அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்துதான் தூரம். முதல் வேலையாக உங்கள் சர்வே எண்ணையும் எஃப்.எம்.பி. (நில அளவைப் புல) வரைபடத்தையும் அந்தக் கடலோர மண்டல வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கச் சொல்லி, மேலே சொன்ன மாவட்ட அமைப்பிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக யார் என்ன சொன்னாலும் பின்னால் உதவாது.

சி.ஆர்.இசட். விதி கடலோரத்தைச் சில மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஊராட்சிப் பகுதி பொதுவாக மூன்றாம் மண்டலத்தில் வரும். 2011 விதிப்படி அங்கே 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை. அதற்குள் அனுமதியோடு ஏற்கெனவே இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்கலாம், இடித்தும் கட்டலாம். ஆனால் பழைய அடித்தளப் பரப்பும் தளப்பரப்பும் கூடக் கூடாது. ஓட்டு வீட்டுக்கு மேல் மாடி எழுப்பினால் தளப்பரப்பு கூடிவிடும். உங்கள் திட்டம் சிக்குவது இங்கேதான். மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளுக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் இடம் தரும் பிரிவும் உண்டு. ஆனால் அது அரசு தயாரித்து ஒப்புதல் பெற்ற விரிவான திட்டத்தின்படிதான் நடக்கும். தனி ஆள் பிளான் போட்டு வாங்க முடியாது.

2019 அறிவிக்கை கொஞ்சம் இறங்கி வந்தது. 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதியில் தடை 50 மீட்டர்தான். நம் மீனவ ஊர்களில் வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 2019 அறிவிக்கைக்கு ஏற்ற கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றிருந்தால்தான் அந்த 50 மீட்டர் செல்லும். இல்லையென்றால் பழைய 200 மீட்டரே. எனவே மனு கொடுக்கும்போது உங்கள் ஊராட்சிக்கு எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 50 மீட்டர் விதி பொருந்தினால், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 9 மீட்டர் உயரத்துக்குள் வீடு கட்ட வழி பிறக்கும். சொந்தக் குடியிருப்பு 300 சதுர மீட்டருக்குள் இருந்தால் உள்ளாட்சியே அனுமதி தரலாம். காண்ட்ராக்டர் சொன்னதில் உண்மை இவ்வளவுதான், அப்போதும் சி.ஆர்.இசட். விதியைப் பார்த்த பிறகே ஊராட்சி கையெழுத்துப் போட வேண்டும்.

வாடகை அறைகள் என்றதும் அது சொந்தக் குடியிருப்பா என்ற கேள்வி எழும். 2019 அறிவிக்கை உள்ளூர் மக்களுக்கு ஹோம் ஸ்டே நடத்த இடம் தருகிறது, ஆனால் இருக்கிற வீட்டின் அடித்தளத்தையோ முகப்பையோ மாற்றாமல். விருந்தினருக்கென்றே புதிதாக மாடி எழுப்புவது அதில் சேராது. வாடகை யோசனையை இந்த மனுவோடு கலக்காதீர்கள். முதலில் குடும்பத்துக்கான வீடாக அனுமதி வாங்குங்கள்.

அப்பா காலத்து வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பத்திரம், பழைய பிளான் அனுமதி எது கிடைத்தாலும் தேடி எடுங்கள். முதல் சி.ஆர்.இசட். அறிவிக்கை வந்த 1991 பிப்ரவரி 19-க்கு முந்தைய தாள் ஒன்று கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். இடிக்கும் முன் பழைய வீட்டை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, நீள அகலத்தை அளந்து பதிவு செய்யுங்கள். இடித்த பிறகு பழைய பரப்பை நிரூபிப்பது பெரும்பாடு.

அப்புறம், மனை மட்டப்படுத்துகிறேன் என்று காண்ட்ராக்டர் ஜே.சி.பி. கொண்டுவந்தால், பக்கத்து மணல்மேட்டைத் தொட விடாதீர்கள். அது தனிக் குற்றம். போர் போடுவதிலும் அவசரம் வேண்டாம். 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது, அங்கேயே குடியிருக்கும் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும்தான். விருந்தினர் அறைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் அதற்கும் நோட்டீஸ் வரும்.