கியூபாவிலிருந்து வந்த தாத்தாவின் வாழ்க்கையை எழுத எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் மனைவியின் தாத்தா 1968இல் கியூபாவிலிருந்து மயாமிக்கு விமானத்தில் வந்தவர். சமீபத்தில் காலமானார். குடும்பத்துக்காகவே உழைத்தவர் என்கிறார்கள். விவரம் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பாட்டி இருக்கிறார். பிள்ளைகளுக்காக எழுதி வைக்க எப்படித் தொடங்குவது?

பதில்:

1968, விமானம். இந்த இரண்டு தகவலே பாதி வேலையை முடித்துவிடும். அது ‘சுதந்திர விமானங்கள்’ ஓடிய காலம். 1965 டிசம்பரிலிருந்து 1973 ஏப்ரல் வரை கியூபாவின் வரதேரோ நகரிலிருந்து மயாமிக்கு இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அப்படி வந்தார்கள். நினைத்தவரெல்லாம் ஏறிவிட முடியாது. அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த உறவினர் யாருக்காகப் பெயர் கொடுத்தார்களோ அவர்களுக்கே முன்னுரிமை. ஆகவே பாட்டியிடம் முதலில் கேளுங்கள்: “உங்கள் பெயரை இங்கிருந்து கொடுத்தது யார்?”

அடுத்து, விண்ணப்பித்த நாளுக்கும் விமானம் ஏறிய நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நாட்டை விட்டுப் போக மனுப் போட்டாலே வேலை போய்விடும். ஆண்களில் பலரைக் கரும்பு வெட்டவும் வயல்வேலைக்கும் அனுப்பினார்கள். வீட்டிலிருந்த சாமான்களை அதிகாரிகள் வந்து பட்டியல் எடுப்பார்கள். கிளம்பும்போது திரும்பச் சரிபார்த்துவிட்டு வீட்டைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் தாமாகப் பேச மாட்டார்கள். குறிப்பாகக் கேட்டால்தான் வரும்.

ராணுவச் சேவை வயது என்று 15 முதல் 26 வரையுள்ள ஆண்களை அரசு வெளியே விடவில்லை. அந்த வயதில் மகனோ தம்பியோ இருந்தால் அவர் அங்கேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒருவர் இருந்தால் 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் துருவிக் கேளுங்கள். 1979இல்தான் வெளியேறியவர்கள் பெரும் எண்ணிக்கையில் ஊருக்குப் போய்ச் சொந்தங்களைப் பார்க்க முடிந்தது. 1980 ஏப்ரலில் கியூபாவின் மரியேல் துறைமுகம் வெளியேறுவோருக்காகத் திறந்ததும் மயாமிக்காரர்கள் படகு பிடித்துக்கொண்டு உறவினரை அழைத்துவரப் போனார்கள். சொந்தக்காரர் கிடைக்காமல், அதிகாரிகள் ஏற்றிவிட்ட முன்பின் தெரியாதவர்களோடு திரும்பியவர்களும் உண்டு.

இனி காகிதங்கள். தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழிலோ க்ரீன் கார்டிலோ ‘ஏ-நம்பர்’ என்ற குடிவரவுப் பதிவு எண் இருக்கும். அதையும் இறப்புச் சான்றிதழையும் வைத்து அமெரிக்கக் குடிவரவு அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் தகவல் கோரும் மனுப் போட்டால் அவருடைய குடிவரவுக் கோப்பு கிடைக்கும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், எனவே முதலில் இதை அனுப்பிவிடுங்கள். விமானப் பயணிகளின் பெயர்களைத் தேடும் வசதியுள்ள தரவுத்தளமாக மயாமி ஹெரால்டு நாளிதழ் வெளியிட்டது; இப்போதும் கிடைத்தால் அதிலும் பாருங்கள்.

பெயர் கிடைக்கவில்லை என்று பலரும் கைவிடுவது ஒரே காரணத்தால்தான். கியூபாவில் ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள்: முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. அமெரிக்க எழுத்தர்கள் கடைசியில் இருப்பதையே குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு முன்னதை நடுப்பெயராக்கிவிடுவார்கள். இரண்டிலும் தேடுங்கள். பெண்கள் திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றுவதில்லை என்பதால் பாட்டியை அவர் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேட வேண்டும். கியூபக் காகிதத்தில் 03/07 என்றிருந்தால் அது ஜூலை 3, மார்ச் 7 இல்லை.

தேதியில் இன்னொரு பொறியும் உண்டு. இவர்கள் தற்காலிக அனுமதியில் உள்ளே வந்து, 1966 நவம்பரில் வந்த கியூபர் சட்டத்தின் (Cuban Adjustment Act) கீழ் பிறகே நிரந்தரக் குடியிருப்பாளர் ஆனார்கள். அந்தச் சட்டம் நிரந்தரக் குடியிருப்புத் தேதியை 30 மாதம் வரை முந்தைய நாளாகப் பதிய இடம் தருகிறது. கார்டில் உள்ள தேதியை வைத்து ‘அன்று க்ரீன் கார்டு வாங்கினார்’ என்று எழுதினால் தவறாகிவிடும்.

என் கணக்கில் மிகப் பயனுள்ள காகிதம் அமெரிக்காவின் ஓய்வூதியத்தைக் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் விரிவான வருமான அறிக்கை. படிவம் எஸ்எஸ்ஏ-7050, கட்டணம் உண்டு, பாட்டி பெயரில் விண்ணப்பிப்பது சுலபம். தாத்தா எந்த ஆண்டில் எந்த முதலாளியிடம் எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்று வரிவரியாக வரும். ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முதலாளிகள் இருந்தால், பகலில் ஒரு வேலை இரவில் ஒரு வேலை என்று ஓடினாரா, இல்லை வேலை மாறிக்கொண்டே இருந்தாரா என்று பாட்டியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ‘குடும்பத்துக்காக உழைத்தார்’ என்ற வாக்கியத்தைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும். அவருடைய சோஷியல் செக்யூரிட்டி நம்பரின் முதல் மூன்று இலக்கங்களையும் பாருங்கள்: 261 முதல் 267 வரை என்றால் ஃப்ளோரிடாவில் வாங்கியது, 135 முதல் 158 வரை என்றால் நியூ ஜெர்சி. மயாமியில் இறங்கியவர்களில் ஏராளமானோரை அமெரிக்க அரசு வேறு மாநிலங்களில் குடியமர்த்தியது. நியூ ஜெர்சியின் யூனியன் சிட்டியில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள் நிறைய.

பாட்டியோடு பேச உட்காரும்போது கையில் புகைப்படமோ பழைய ரசீதோ இருக்கட்டும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். ஸ்பானிஷில் பேசினால் பேசவிடுங்கள், குறுக்கே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பதிவு செய்துகொண்டு பிறகு பார்க்கலாம். ஹவானாவின் பழைய பெருமையை எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஊருக்கு அனுப்பிய மருந்துப் பொட்டலம், கிடைக்காத தொலைபேசி இணைப்பு, அடுத்த உறவினருக்குக் கையெழுத்துப் போட்ட உத்தரவாதப் பத்திரம் ஆகியவற்றுக்குப் பாதி இடம் ஒதுக்குங்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்கள் இருந்தால் உறையையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் அஞ்சல் முத்திரையில் இருக்கும்.