கத்தோலிக்கப் பெண், இந்து மாப்பிள்ளை: மதம் மாறாமல் சர்ச்சில் கல்யாணம் நடக்குமா?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரி பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். மாப்பிள்ளை தர்மபுரி, இந்து. "பையன் ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம்" என்கிறார்கள் வீட்டில். "மனைவி புருஷனுக்கு அடங்கணும்னு பைபிளே சொல்லுது, நாளைக்கு நீதான் அவன் மதத்துக்குப் போகப்போற" என்று உறவினர்கள் மிரட்டுகிறார்களாம்.

இருவரில் யாரும் மாற வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் (எண் 1086) தடை இருக்கிறது. அந்தத் தடையை ஆயர் (பிஷப்) நீக்கித் தந்தால் திருமணம் செல்லும். அனுமதி இல்லாமல் சர்ச் சாமியாரே முன்நின்று நடத்தினாலும் செல்லாது. தர்மபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது; கிருஷ்ணகிரி மாவட்டமும் அதற்குள்தான் வருகிறது. நீங்கள் நேராக ஆயர் இல்லத்துக்குப் போக வேண்டாம். உங்கள் பங்குத்தந்தையிடம், அதாவது உங்கள் ஊர் சர்ச் சாமியாரிடம், சொன்னால் அவரே விண்ணப்பம் எழுதி அனுப்புவார்.

ஞானஸ்நானச் சான்றைப் புதிதாக வாங்குங்கள். குழந்தையில் கொடுத்த பழைய தாள் உதவாது. ஒருவருக்கு முன்பே திருமணம் நடந்திருந்தால் அது ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து எழுதிய சான்றுதான் தேவை. மாப்பிள்ளைக்கு வயதுச் சான்றும், ஏற்கெனவே மணமாகவில்லை என்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள். இருவரும் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும். ஓலை வாசிப்பும் (திருமண அறிவிப்பைச் சர்ச்சில் வாசிப்பது) உண்டு. இதற்கெல்லாம் மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, பத்து நாள் இருக்கும்போது சாமியாரிடம் போய் நிற்பவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

உறுதிமொழி விஷயத்தை மட்டும் அவசரமாகக் கடக்காதீர்கள். தன் விசுவாசத்தை விட்டு விலகமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று பெண் வாக்குத் தர வேண்டும் (எண் 1125). மாப்பிள்ளை எந்த வாக்கும் தர வேண்டியதில்லை. ஆனால் பெண் இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் இதைச் சும்மா ஒரு கையெழுத்து என்று மறைத்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் தீர்த்தமலையில் மொட்டையா, சர்ச்சில் ஞானஸ்நானமா என்று இரண்டு பக்கத்துப் பாட்டிகளும் மல்லுக்கு நிற்பது அதனால்தான். நிச்சயத்துக்கு முன்பே இருவரும் தனியாக உட்கார்ந்து இதைப் பேசி முடிக்க வேண்டும். ஒத்துவராது என்று தெரிந்தால் அப்போதே நிறுத்துவது இருவருக்கும் மரியாதை.

காலையில் முருகன் கோவிலில் தாலி, சாயங்காலம் சர்ச்சில் ஆசீர்வாதம் என்ற ஏற்பாட்டுக்கு இடமில்லை. ஒரே திருமணத்துக்கு இரண்டு சமயச் சடங்குகளில் சம்மதம் சொல்வதைத் திருச்சபை தடுக்கிறது (எண் 1127). மாப்பிள்ளை வீட்டில் விருந்து, வரவேற்பு தாராளமாக வைக்கலாம். சர்ச்சில் வழக்கமாகத் திருப்பலி (பூசை) இல்லாமல் இறைவார்த்தை வழிபாட்டோடு நடத்துவார்கள். தாலியை மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

கல்யாணத்துக்காக மட்டும் வாங்கும் ஞானஸ்நானம் எனக்கு ஏற்புடையதே அல்ல. மனதில் இல்லாத விசுவாசத்தை ஆலயத்தில் நின்று அறிக்கையிடச் சொல்வது கடவுளையும் அந்தப் பையனையும் சேர்த்தே அவமதிப்பது. யாரையும் நம்பிக்கைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது. ஆதிதிராவிடர் குடும்பத்துப் பையன் என்றால் இன்னொன்றும் உண்டு: கிறிஸ்தவராக மாறினால் 1950 அரசாணைப்படி பட்டியல் சாதித் தகுதி போய்விடும். கிறிஸ்தவப் பெண்ணை மணப்பதால் மட்டும் அது போகாது.

இனி அந்த "அடங்கணும்" வசனம். எபேசியர் 5-ல் 22-ஐ மட்டும் எடுத்து ஓதுகிறவர்கள் 21-ஐ விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறார் பவுல். 25-லிருந்து கணவனுக்குச் சொல்வது இன்னும் கனமானது: கிறிஸ்து திருச்சபைக்காக உயிரைக் கொடுத்ததுபோல் மனைவியிடம் அன்பு காட்ட வேண்டும். அதட்டி ஆள்வதற்கு அதில் இடம் எங்கே? உங்கள் நிலைக்கு நேராகப் பொருந்துவது 1 கொரிந்தியர் 7:12-16. விசுவாசமில்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விலக்காதே என்கிறது அந்தப் பகுதி. அது ஏற்கெனவே மணமானவர்களுக்கு எழுதியது என்பது உண்மை. ஆனால் மனைவியின் விசுவாசத்தால் கணவனும் தூய்மை பெறுகிறான் என்று அங்கே எழுதியிருக்கிறது. கணவனுக்காக அவள் விசுவாசத்தை விட வேண்டும் என்று இல்லை.

எஸ்ரா நூலில் வேற்றினப் பெண்களை அனுப்பிவிட்ட செய்தியும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். அதே வேதத்தில் வேற்றினமான மோவாபியப் பெண் ரூத்து தாவீதின் கொள்ளுப்பாட்டி. மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சவரிசையில் அவள் பெயர் இருக்கிறது. மோசே வேற்றினமான கூசியப் பெண்ணை மணந்ததைப் பழித்த அவர் அக்கா மிரியாமுக்குத்தான் தொழுநோய் வந்தது (எண்ணிக்கை 12). பெண் அடங்கியே இருக்கணும் என்பவர்களுக்கு இன்னொன்று: அப்பொல்லோ என்ற போதகருக்கு விளக்கம் சொல்லித் திருத்தியவர்களில் பிரிஸ்கில்லாவும் ஒருத்தி (திருத்தூதர் பணிகள் 18:26).

சட்டத்தில் எல்லோரும் சறுக்கும் இடம், கோவிலில் தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்தில் பதிவது. ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் அந்தச் சட்டப்படி திருமணம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சர்ச்சில் நடந்தால் 1872-ம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டம் போதும்; ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே அது பொருந்தும். சர்ச் வேண்டாம் என்றால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் 30 நாளாவது வசித்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு போக வேண்டும். ஓசூர் கம்பெனியில் வேலை, நிரந்தர முகவரி தர்மபுரி என்றால் நோட்டீஸ் நகல் அங்கேயும் ஒட்டப்படும். வீட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. பூர்வீக நிலம் பிரிக்காமல் இருக்கும் வீடு என்றால், இந்தச் சட்டத்தில் மணக்கும் இந்து கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிவிடுவார் (பிரிவு 19). கையெழுத்துக்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

சர்ச்சில் நடந்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும்; 2009-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் எல்லா மதத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.