லேப் டெக்னீஷியன் படிப்பு: ஃபீஸ் கட்டும் முன் கண்ணைப் பாருங்கள்

வணக்கம் அம்மா. பையன் கண்ணாடி போட்டிருக்கிறான், ரத்தத்தைப் பார்த்தாலே தலைசுற்றுகிறது, டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் பெரிய தடையில்லை. நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு: அவனுக்கு நிறங்கள் சரியாகப் பிரிந்து தெரிகின்றனவா? ஃபீஸ் கட்டும் முன் கண் மருத்துவரிடம் இஷிஹாரா பரிசோதனை செய்துவிடுங்கள். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் அட்டைகள்தான், சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

லேப் வேலையில் நிறத்தை வைத்துத்தான் பலவற்றைச் சொல்ல வேண்டும். பாக்டீரியாவை வகை பிரிக்கும் கிராம் சாயத்தில் கிருமி ஊதாவாகத் தெரிந்தால் கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பென்றால் கிராம் நெகட்டிவ். சளி ஸ்லைடில் காசநோய்க் கிருமி நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சியாகக் கிடக்கும். ரத்த மாதிரி எடுக்கும் குழாய்களுக்கும் மூடியின் நிறம்தான் அடையாளம். ஊதா மூடிக் குழாயில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் கலந்த இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம்; அதிலிருந்து கொஞ்சம் ரத்தம் வேறு குழாயில் கலந்தாலும் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். குழாயை லேபிள் படித்துச் சமாளிக்கலாம், நிறம் மாறும் சிறுநீர்ப் பரிசோதனை ஸ்ட்ரிப்பைப் படிக்க மெஷின் உண்டு. ஸ்லைடைக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். குறை இருப்பது தெரிந்தால் மறைக்காமல் கல்லூரியில் சொல்லி, சாயமிட்ட ஸ்லைடு ஒன்றைப் பார்க்க வைத்துவிட்டு முடிவெடுங்கள். நிறக்குறைக்கென்று விற்கும் கலர் கண்ணாடியில் காசைப் போடாதீர்கள், அதனால் பார்வை இயல்பாகிவிடாது.

கிட்டப்பார்வை, தூரப்பார்வையை மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸே சரிசெய்துவிடும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம்) இருந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கட்டும்.

மயக்கம் பெரும்பாலும் பழகப் பழகக் குறையும். வெறும் வயிற்றில் போகக் கூடாது. தலை லேசாகச் சுற்றும்போதே உட்கார்ந்து கை, கால், வயிற்றுத் தசைகளை 10-15 விநாடி இறுக்கித் தளர்த்தினால் ரத்த அழுத்தம் சரியாமல் நிற்கும். உட்காராமல் சமாளிக்கப் பார்ப்பவர்கள்தான் விழுந்து தலையில் அடிபடுகிறார்கள்.

கை நடுக்கம் இருந்தால், மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டில் தெரிந்துவிடும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் தராசில் 100 மில்லிகிராம் காட்ட வேண்டும்; பத்து முறை எடுத்தும் ஏறக்குறைய அதே எடை வந்தால் கவலையில்லை. பல மணி நேரம் நிற்க வேண்டிய வேலை என்பதால் முதுகுவலி, மூட்டுவலி இருந்தால் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ரப்பர் கையுறை அரிப்புக்கு நைட்ரைல் கையுறை போதும்.

ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) அளவு 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.