எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) வகுப்பில் பாதிக்கப்பட்டவர்களை அழைத்துப் பேச வைப்பதில் பயன் உண்டா, வெறும் சடங்கா?

"வருகிறார்கள், அழுகிறார்கள், நாங்களும் அழுகிறோம், அப்புறம் இன்டர்னல் தேர்வு வந்துவிடுகிறது" என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெஞ்சில் இருந்து பார்த்தவர் போலிருக்கிறது. நான் எதிர்ப்பக்கம், அழைக்கப்பட்டவருக்குத் துணையாகப் போனவள். பயன் கண்டிப்பாக உண்டு. அழுகைக்கும் அதற்கும்தான் சம்பந்தம் இல்லை.

எங்களுக்குக் கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். பெயர் வேண்டாம், ஊரில் பேச்சாகும். 2004 சுனாமியில் அப்பா போய்விட்டார். அம்மா மீன் விற்கிறவர். அந்த வருஷமெல்லாம் வாசலில் யாராவது ஒரு படிவத்தோடு நிற்பார்கள். பாதிப் பேர் சமூகப்பணி மாணவர்கள். மாத வருமானம் என்ன, இரவில் தூக்கம் வருகிறதா, கடலைப் பார்த்தால் பயமா. எல்லோருக்கும் அம்மா பதில் சொன்னார். அந்தப் படிவங்கள் என்ன ஆயின என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

பல வருஷம் கழித்து புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இருந்து அழைப்பு. "அம்மா அன்னைக்கு நடந்ததை உணர்ச்சியா பேசினா போதும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். போனோம். அலை எவ்வளவு உயரம், முதலில் யாரைத் தேடினீர்கள், இதேதான். அம்மா ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, நிவாரணப் பொருளை ஊரில் எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டாள். அதற்குப் பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை.

இறப்புக்கு மாநில அரசு ஒரு லட்சம், மத்திய அரசு ஒரு லட்சம் கொடுத்தது, அது தனி. தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த பாத்திரம், அரிசி, போட் எல்லாம் எங்கள் பக்கம் பஞ்சாயத்தார் லிஸ்ட்டுப்படிதான் வந்தது. லிஸ்ட் என்றால் தலைக்கட்டு. ஊருக்கு வரி கட்டுகிற ஆண்தான் தலைக்கட்டு. புருஷன் போன பெண் வீட்டுக்கு அரைப் பங்கு, சில சமயம் அதுவும் கிடையாது. அதனால் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன் பெயரில் வரி கட்டித் தலைக்கட்டு எழுத வைத்தார் அம்மா. பங்கு வந்தது. அண்ணனின் படிப்பு நின்றது. வரி கட்டுகிற ஆள் கடலுக்குப் போகாமல் எப்படி?

"அப்போ நாங்க என்ன செஞ்சிருக்கணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா சொன்னார்: "லிஸ்ட்டை வாங்கினதோட நிக்காம ரேஷன் கார்டைப் பார்த்திருக்கணும் கண்ணு. விடியக்காலைல ஏலத்துக்கு வந்து யார் யார் கூடை எடுக்குறான்னு பார்த்திருந்தா ஆம்பளை இல்லாத வீடெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

அதுவரை குனிந்து போனைப் பார்த்தவர்கள்கூட நோட்டை எடுத்தார்கள். அடுத்த நிமிடமே நேரம் முடிந்தது என்றார்கள். பொன்னாடை, போட்டோ. பஸ் காசு எங்களுடையது. அதே துறையில் வெளியில் இருந்து வரும் விரிவுரையாளருக்கு மதிப்பூதியம் உண்டு.

டிகிரி இல்லாதவர் பாடம் நடத்தலாமா என்று இப்போதே யாரோ டைப் செய்துகொண்டிருப்பீர்கள். தியரியை அம்மா நடத்தட்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லா ஆசிரியர்களையும் குறை சொல்லவும் இல்லை, எங்களை அழைத்தவர் நல்ல மனுஷிதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களையும் படிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் சொந்தக் கற்பனையும் அல்ல. இங்கிலாந்தில் 2003இல் சமூகப்பணிக்குப் பட்டப்படிப்பு கொண்டுவந்தபோதே, சேவை பெறுகிறவர்களையும் அவர்களைப் பராமரிக்கிற குடும்பத்தாரையும் மாணவர் தேர்வில் தொடங்கி மதிப்பீடு வரை கல்லூரிகள் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள். அங்கேயும் பெயருக்குச் செய்கிற கல்லூரிகள் உண்டு என்று அவர்களே எழுதுகிறார்கள். இங்கே 1936இல் பம்பாயில் தொடங்கிய படிப்பு இது. இன்னும் பொன்னாடையிலேயே நிற்கிறோம்.

      

சரி, நீங்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். வருகிறவரிடம் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அதை அவர் ஏற்கெனவே நூறு பேரிடம் சொல்லியிருப்பார். அவருக்கு உதவ வந்தவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று கேளுங்கள். உங்கள் பீல்டு ஒர்க் ரிப்போர்ட் ஒன்றை அவருக்குப் படித்துக் காட்டி, இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) பேசத் தைரியம் இருந்தால் மதிப்பூதியத்தைப் பற்றிப் பேசுங்கள். டிசம்பர் நெருங்கினால் எங்களுக்கு அழைப்பு வந்துவிடும். இந்தத் தடவை போகவர ஆகும் செலவை முன்னாலேயே கேட்டுவிடச் சொல்லியிருக்கிறார் அம்மா.