பனிக்கு ரேடியோ, மழைக்கு லேசர்: இந்தக் கணக்கு நம் ஊரில் செல்லுமா?

கேள்வி: கோலசிலாங்கூர் மாவட்டம் பெஸ்தாரி ஜெயாவில் கடைவீட்டு மேல்மாடியில் டியூஷன் நடத்துகிறேன். அங்கே ஃபைபர் இணையம் உண்டு. செம்பனைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர் தள்ளி, இரண்டாவது வகுப்பு திறந்தோம். அங்கே லைன் வரவில்லை. இணையத்தைக் கம்பியில்லாமல் காற்றுவழியே அனுப்ப, லேசரும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் சேர்ந்த கருவியை ஒருவர் விற்கிறார். “பனி வந்தால் ரேடியோ, மழை வந்தால் லேசர், 99.9 விழுக்காடு உத்தரவாதம்” என்கிறார். விலையோ எங்கள் நான்கு மாத வருமானம். வாங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்ற யோசனை நல்லதுதான். அவர் சேர்த்திருக்கும் ஜோடிதான் நம் ஊருக்குப் பொருந்தாது.

லேசருக்கு எதிரி பனியும் புகையும். 2005 ஆகஸ்ட் புகைமூட்டத்தில் நம் கோலசிலாங்கூருக்கே அவசரநிலை அறிவித்தார்களே, அப்படிப்பட்ட நாள்களில் லேசர் திணறும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாத பனியில், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒளி இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ரேடியோவுக்குப் பனி பொருட்டில்லை. ஆனால் 60 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். மழைத்துளியும் மில்லிமீட்டர் கணக்குதான். அதனால் மழை அதைப் பிடித்து விழுங்கும்.

“மழை வந்தால் லேசர்” என்பது குளிர்நாட்டுத் தூறலுக்குச் சரி. இங்கே மாலை மூன்று மணிக்குக் கொட்டுவது தூறலா? மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் அடிக்கும்போது, ஒரு கிலோமீட்டரில் லேசரும் சரி, 60 கிகாஹெர்ட்ஸும் சரி, நூற்றில் 99 பங்குக்கு மேல் இழந்துவிடும். இரண்டும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளலாம், அதுவும் உங்கள் வகுப்பு நேரத்தில்.

99.9 என்றால் ஆண்டில் எட்டே முக்கால் மணி நேரம் துண்டிப்பு. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். அத்தனையும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மாலைகளில் விழுந்தால்? அந்த எண்ணை எங்கே, எத்தனை நாள் அளந்தார்கள் என்று கேளுங்கள். காங்கோ ஆற்றின் குறுக்கே பிராசவில்லுக்கும் கின்ஷாசாவுக்கும் இடையே, ஏறக்குறைய 5 கிலோமீட்டர், தாரா என்ற திட்டத்தின் ஒளிக்கற்றை இணைப்பும் 99.9 காட்டியதாக 2021இல் சொன்னார்கள். அது 20 நாள் கணக்கு.

இன்னொன்றும் கேளுங்கள்: லேசர் விட்டுவிட்டு வரும்போது கருவி என்ன செய்யும்? சிக்னல் விளிம்பில் ஆடினால், மட்டமான கருவி நொடிக்கொரு தடவை இங்கும் அங்கும் தாவும். ஒவ்வொரு தாவலிலும் காணொலி உறையும். நல்ல கருவி ரேடியோவுக்கு மாறியபின், லேசர் நன்றாகத் தேறி நிலைத்த பிறகே திரும்பும். சில கருவிகள் ஒரே தரவை இரண்டு வழியிலும் அனுப்பிவிடும். விற்பவர் இதற்கு விழித்தால் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

கூடவே, கற்றை குறுகலானது. சிங்க் கூரைமேல் நட்ட கம்பம் காற்றில் ஆடினாலே குறி தப்பும். கான்கிரீட் சுவரில்தான் மாட்ட வேண்டும். இன்று செம்பனைக்கு மேலே தெரியும் பாதையை நாலைந்து ஆண்டில் மட்டைகள் மறைக்கும். இரண்டு கருவியும் ஒரே பிளக்கில் இருந்தால் மின்சாரம் போகும்போது இரண்டும் போகும்.

உண்மையில் உங்களுக்கு லேசரே தேவையா? இருபது பிள்ளைகள் பாடக் காணொலி பார்க்க, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஜோடி ஒன்று போதும். அதன் அலை மழைத்துளியைவிடப் பல மடங்கு நீளம்; மழை அதை அசைக்காது. மரங்களுக்கு மேலே மாட்டுங்கள், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் (MCMC) சான்று முத்திரை உண்டா என்றும் பாருங்கள். அதிக வேகம் கட்டாயம் வேண்டுமென்றால் லேசரோடு அந்த 5 கிகாஹெர்ட்ஸைச் சேர்த்துக் கேளுங்கள். வேகம் குறையும், வகுப்பு நிற்காது.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். ஆனால் அந்தச் சட்டம் வழக்கமாக வீட்டுத் தேவைக்கு வாங்கும் பொருள்களுக்கானது; இந்தக் கருவிக்கு அதை நம்பி இறங்காதீர்கள். முன்பணம் கேட்டால், இடிமழை மாதமான அக்டோபரிலோ நவம்பரிலோ இரண்டு வாரம் மாட்டி ஓட்டிக் காட்டிய பிறகே மீதிப் பணம் என்று தாளில் எழுதி வாங்குங்கள்.